ஊட்டிக்கு லீவில் வந்து காய்ச்சலில் விழுந்த டாக்டர்: கொசுப்புழுவைத் துரத்திய ரொனால்ட் ராஸ்

ஊட்டியில் இருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கியவர்களுக்கு அந்த 36 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. மேலே ஸ்வெட்டரோடு கிளம்புகிறவர்கள், கீழே சீகூர் பக்கம் வந்ததும் அதைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிடுவார்கள். குளிர் போய், காடும் வெக்கையும் ஓடைகளும் வந்துவிடும். கூடவே கொசுவும்.

1897-ம் ஆண்டு கோடையில் இதே மலைச்சரிவில், சும்மா ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, காய்ச்சலைப் பார்க்கவே ஒருவர் இறங்கினார். வெள்ளைக்கார ராணுவ டாக்டர், வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. லீவு போட்டு ஊட்டிக்கு வந்தவர் அங்கே ஏரிக்கரையில் காற்று வாங்காமல், மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்த் தங்கினார். எச்சரிக்கையாகத்தான் இருந்தார். இருந்தும் சில நாட்களிலேயே அவரே மலேரியாவில் படுத்துவிட்டார். அந்த டாக்டர்தான் ரொனால்ட் ராஸ். ஐந்து ஆண்டுகள் கழித்து மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்திய மண்ணில் பிறந்தவர்களில் முதன்முதலாக நோபல் வாங்கியவரும் அவர்தான்.

ராஸ் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருக்கும்: மலேரியாவைப் பரப்புவது கொசு என்று கண்டுபிடித்தவர். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு அவர் 30 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி ஒரே ஒரு சண்டையில் போனது. கொசுவைப் புழுவாக இருக்கும்போதே ஒழிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சண்டை. வேப்பெண்ணெயும் நொச்சிச் சாறும் கொசுப்புழுவைக் கொல்லுமா என்று இன்று நம் ஊர் ஆய்வகங்களில் நடக்கும் வேலைக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

கவிஞராக ஆசைப்பட்டவர்

ராஸ் பிறந்தது 1857 மே 13, இமயமலை அடிவாரத்து அல்மோராவில். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூத்தவர் இவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

அவருக்கு டாக்டர் ஆகும் ஆசையே இல்லை. கவிதை, ஓவியம், இசை, கணக்கு என்று மனசு வேறு பக்கம் ஓடியது. அப்பாவோ விடவில்லை. பையன் டாக்டராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்றார். நம் வீடுகளில் நடக்கும் அதே கதைதான். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் படித்தார், ஒரு தேர்வில் கோட்டை விட்டார், கொஞ்ச காலம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்வரும் கப்பலில் டாக்டராக இருந்தார். கடைசியில் 1881-ல் தேர்வு பெற்று மதராஸ் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் வேலை குறைவு, நேரம் அதிகம். கவிதையும் நாவலும் எழுதினார், கணக்குப் போட்டார். மருத்துவ ஆராய்ச்சியில் ஆர்வம் வந்தது பிற்பாடுதான்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயம், அவருடைய பின்னாளைய வாழ்க்கை முழுவதையும் முன்கூட்டியே காட்டிவிட்டது எனலாம். அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாய்க்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பீப்பாயைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்தது. இதே வேலையை மற்ற இடங்களிலும் செய்யலாமே என்று படைப்பிரிவு அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவரோ, கொசுவை ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் இயற்கை படைத்திருக்கிறது, அதைக் கெடுப்பானேன் என்று மறுத்துவிட்டார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போது ராஸுக்கே தெரியாது. கடியில் இருந்து தப்பிக்கத்தான் அவ்வளவும்.

கெட்ட காற்றும் நீலகிரி மரமும்

அந்தக் காலத்தில் மலேரியா எப்படி வருகிறது என்று கேட்டால், படித்தவர்களே கெட்ட காற்று என்பார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே அதுதான். சதுப்பு நிலத்தில் இருந்து எழும் நச்சு ஆவி உடம்புக்குள் போய்க் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள்.

ராஸ் வந்து இறங்கிய நீலகிரியில் இந்த நம்பிக்கையோடு தொடர்புள்ள இரண்டு மரங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்று யூகலிப்டஸ். ஆஸ்திரேலியாவில் இருந்து 1840-களில் இங்கே வந்து, பிறகு மலையின் பேரையே தன் பேராக்கிக்கொண்ட மரம். அதன் வாசனை கெட்ட காற்றைச் சுத்தமாக்கும், காய்ச்சலைத் துரத்தும் என்று உலகமே நம்பியது. இத்தாலியில் காய்ச்சல் பிடித்த நிலங்களில் இதை வரிசை வரிசையாக நட்டார்கள். எங்காவது பலன் தெரிந்திருந்தால் அதற்கு வாசனை காரணமாக இருக்க வாய்ப்பில்லை. தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் மரம் அது. சதுப்பு காய்ந்தால் கொசுப்புழுவுக்கு இடம் குறையும்.

இன்னொன்று சின்கோனா. இது நம்பிக்கை விஷயம் அல்ல, நிஜ மருந்து. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைக்காடுகளின் இந்த மரப்பட்டையில் இருந்துதான் கொய்னா வருகிறது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெருவில் இருந்து செடிகளைக் கொண்டுவந்தார். வழியிலேயே பெரும்பாலானவை செத்தன. ஈக்வடாரில் இருந்து ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து அனுப்பிய செம்பட்டைச் சின்கோனாதான் நீலகிரியில் நன்றாகப் பிடித்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் வந்தன. இவற்றைப் பார்த்துக்கொண்டவர், ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய அதே வில்லியம் மெக்ஐவர். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவிட்டால் மறுபடியும் பட்டை வளரும் என்பது அவர் கண்ட வழி. நடுவட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாயா பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. கூடலூர் ரோட்டில் அந்தப் பழைய ஜெயில் கட்டடத்தை இப்போதும் பார்க்கலாம்.

ஆக, காய்ச்சலுக்கு மருந்து மலை மேலே. காய்ச்சல் மலைக்குக் கீழே. நடுவில் கல்லட்டி இறக்கம்.

சீகூரில் பார்த்த கொசு

1894-ல் லண்டனுக்கு விடுமுறையில் போன ராஸை, பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான் 1880-ல் கண்டுபிடித்த மலேரியாக் கிருமியை ராஸ் அங்கேதான் சரியாகப் பார்த்தார். இந்தக் கிருமியைக் கொசு சுமக்கிறது என்று தான் சந்தேகப்படுவதையும் மேன்சன் சொன்னார். ஆனால் அவருடைய கதையில் ஒரு பிழை இருந்தது. கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்று அவர் நினைத்தார். கடியால் வருகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

1895-ல் செகந்திராபாத் திரும்பிய ராஸ் கொசு வளர்க்க ஆரம்பித்தார். காய்ச்சல்காரர்களைக் கொசு வலைக்குள் படுக்கவைத்து, கடிக்க விட்டு, பிறகு அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். இரண்டு வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் எளிமையானது: அவர் அறுத்தது தப்பான கொசு. வீட்டைச் சுற்றிச் சுலபமாகக் கிடைக்கும் சாம்பல் நிறக் கொசுவிலும் வரிக்கொசுவிலும் மனித மலேரியாக் கிருமி வளர்வதே இல்லை. இடையில் காலரா வேலைக்காக அரசு அவரைப் பெங்களூருக்கு வேறு மாற்றிவிட்டது.

அந்த விரக்தியோடுதான் 1897-ல் ஊட்டி வந்தார், சீகூரில் இறங்கினார், காய்ச்சலில் விழுந்தார். இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். கொசு கடித்து, கிருமி கல்லீரலில் பெருகி, ரத்தத்துக்கு வந்து காய்ச்சல் தெரிய குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். அவருக்கோ சில நாட்களிலேயே வந்துவிட்டது. எனவே அவரைக் கடித்த கொசு சீகூர்க் கொசுவாக இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் சீகூர் அவருக்கு வேறொன்றைக் காட்டியது. இறக்கையில் புள்ளி போட்ட, பழுப்பு நிறச் சின்னக் கொசு ஒன்று. சுவரில் மற்ற கொசுக்களைப் போலத் தட்டையாக உட்காராமல், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்தது. இன்று அனாஃபிலிஸ் என்று சொன்னால் எந்தச் சுகாதார ஆய்வாளரும் சொல்லும் முதல் அடையாளம் இதுதான். ராஸுக்கு அப்போது பெயர் தெரியாது, பழக்கமில்லாத ஜாதி என்பது மட்டும் மனசில் பதிந்தது.

செகந்திராபாத் திரும்பியதும் அதே மாதிரி புள்ளி இறக்கைக் கொசுக்களைப் புழுவில் இருந்து வளர்த்தெடுத்தார்கள். ஹுசைன் கான் என்ற நோயாளியை அவை கடித்தன. கொசு ஒன்றுக்கு ஒரு அணா அவருக்குக் கூலி. 1897 ஆகஸ்ட் 20 அன்று, அப்படிக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில், கருநிறத் துகள்கள் உள்ள வட்ட வடிவச் செல்களைக் கண்டார் ராஸ். அது கொசுவின் செல் அல்ல, மலேரியாக் கிருமி. ஆகஸ்ட் 20-ஐ உலகக் கொசு தினம் என்று கொண்டாடுவது இதனால்தான். கவிதை ஆசை விடவில்லை. அடுத்த நாளே அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதிவிட்டார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு அவரை ராஜபுதனத்துக்கு மாற்றியது, அங்கே மலேரியாவே அதிகம் இல்லை. பிறகு மேன்சன் பேசிக் கல்கத்தாவில் ஓர் ஆய்வகம் கிடைத்தது. 1898 ஜூலையில், பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை போவதையும், கடி வழியாக அடுத்த பறவைக்குப் போவதையும் காட்டிவிட்டார். அங்கே அவருக்குத் துணையாக நின்றவர் மகமது பக்ஸ் என்ற உதவியாளர். அதே ஆண்டின் கடைசியில் இத்தாலியின் கிராஸியும் குழுவினரும் மனிதரில் இதை நிரூபித்தார்கள். யார் முதலில் என்று ராஸும் கிராஸியும் போட்ட சண்டை ரொம்ப அசிங்கமானது. நோபல் 1902-ல் ராஸுக்கு மட்டும் வந்தது. ஹுசைன் கானையும் மகமது பக்ஸையும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

புழுவா, கொய்னாவா?

1899-ல் இந்தியப் பணியை விட்டு லிவர்பூல் போன ராஸ், அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கிளம்பினார். கொசு எங்கே முட்டையிடுகிறது என்று குட்டை குட்டையாகப் பார்த்தார். பிறகு அவர் சொன்ன யோசனை கொசுப் படை. சில ஆட்கள், ஒரு மேஸ்திரி, மண்வெட்டி, துடைப்பம், வாளி, கொஞ்சம் மண்ணெண்ணெய். தேங்கிய தண்ணீரைக் கொட்டு, பள்ளத்தை மூடு, மூட முடியாததில் எண்ணெய் விடு. அவ்வளவுதான். 1902-ல் இதையே ஒரு புத்தகமாக எழுதினார்.

எண்ணெய் எப்படி வேலை செய்கிறது? கொசுப்புழு தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது மேல்காற்றை. நம் வீட்டுத் தொட்டிக் கொசுவின் புழு வால் பக்கத்துக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, தண்ணீர்ப் பரப்போடு படுத்த மாதிரி மிதக்கும். மேலே எண்ணெய்ப் படலம் பரவினால் மூச்சு அடைபட்டுச் சாகும்.

தாவரச் சாறுகள் இந்தக் கதைக்குள் வருவதும் இதே காலத்தில்தான். இத்தாலியில் ஏஞ்சலோ செல்லி என்ற ஆய்வாளர், எந்தெந்தப் பொருள் கொசுப்புழுவைக் கொல்லும் என்று வரிசையாகச் சோதித்தார். செவ்வந்தி இனத்துப் பூவின் பொடியும் புகையிலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தப் பூதான் பைரித்ரம். 1930-களின் கடைசியில் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து கிராமங்களில், வீட்டுக்குள் இருக்கும் கொசுக்கள் மீது பைரித்ரச் சாற்றைத் தெளித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். இன்று கடையில் வாங்கும் கொசுவத்தியிலும் லிக்விடிலும் இருப்பது பெரும்பாலும் அந்தப் பூவின் மூலக்கூறைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த மருந்துதான்.

வேம்பு வேறு வகை. அதிலுள்ள அசாடிராக்டின் உடனே கொல்லாது. புழு தோலுரித்து அடுத்த நிலைக்குப் போவதைக் கெடுக்கும். நொச்சி, துளசி, சீத்தாப்பழ விதை, யூகலிப்டஸ் எண்ணெய் என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் சோதிக்காத செடி குறைவு. முறை ஒன்றுதான்: கப்பில் தண்ணீர், அதில் சாறு, 25 புழுக்கள், 24 மணி நேரம், எத்தனை செத்தன என்று எண்ணுவது. கப்பில் சாகிற புழு, ஓடைக்கரைப் பள்ளத்தில் அதே மாதிரி சாகும் என்று சொல்ல முடியாது. வெயில் பட்டால் தாவர மருந்து சீக்கிரம் சிதையும், மழை வந்தால் கரைந்து போகும், ஒவ்வொரு இலையிலும் மருந்தின் அளவு வேறு. சில நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விட வேண்டும். வேப்ப இலையை அரைத்து சிமென்ட் தொட்டியில் கொட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

ராஸுக்கு எதிர்ப்பு வந்தது இந்தப் பக்கமிருந்து அல்ல, கொய்னா பக்கமிருந்து. 1900-களின் தொடக்கத்தில் லாகூர் அருகே மியான் மீர் ராணுவ முகாமில் புழு ஒழிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளங்களை மூடினார்கள், வாய்க்கால்களைச் சரிசெய்தார்கள், எண்ணெய் விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, மலேரியா பெரிதாகக் குறையவில்லை என்று அறிக்கை வந்தது. இந்திய அரசுக்கு அது வசதியாகப் போயிற்று. ஊர் ஊராகச் சாக்கடை வெட்ட யாரிடம் பணம் இருக்கிறது? கொய்னாப் பொட்டலம் சல்லிசு. நடுவட்டம் மாதிரித் தோட்டங்களில் அரசே பட்டை உரித்து, அரசே மருந்து செய்து, தபால் ஆபீஸ் வழியாகக்கூட விற்றுக்கொண்டிருந்தது.

ராஸ் கொதித்துப் போனார். அவர் வாதம் இது: சோதித்த இடம் ரொம்பச் சின்னது, செலவழித்த பணம் ரொம்பக் குறைவு, வெளியில் இருந்து கொசு பறந்து வந்துகொண்டே இருந்தது. 1909-ல் சிம்லாவில் கூடிய மலேரியா மாநாடு வரை இந்தத் தகராறு ஓடியது. நியாயம் முழுக்க ராஸ் பக்கம் என்று சொல்ல முடியாது. சாகக்கிடக்கிற நோயாளிக்குத் துடைப்பத்தால் என்ன பயன்? கொய்னா லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் கொய்னா ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். அடுத்த மழைக்கு அடுத்த கொசு, அடுத்த காய்ச்சல். சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மாயிலியா நகரில், பணத்தைச் செலவழித்து அவர் சொன்னபடி செய்தபோது, அங்கே சில ஆண்டுகளில் மலேரியா கிட்டத்தட்ட ஒழிந்தது. அவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்.

கோபத்தைக் கணக்கிலும் கொட்டினார். ஒரு கொசு பிறந்த இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் போகும், எத்தனை சதுர மைல் சுத்தம் செய்தால் நடுவில் கொசு குறையும் என்று 1904-ல் கணக்குப் போட்டார். அது அவர் கைக்கு அடங்காமல் கார்ல் பியர்சன் என்ற புள்ளியியல் மேதையிடம் போனது. பியர்சன் 1905-ல் அந்தப் புதிருக்குக் குறிக்கோளற்ற நடை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பங்குச்சந்தை ஏற்ற இறக்கத்தை விளக்க இன்று பயன்படுத்தும் அதே ரேண்டம் வாக்தான் அது.

1911-ல் வெளியான பதிப்பில் ராஸ் இன்னும் ஒரு படி போனார். மலேரியாவை ஒழிக்க எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், நோய் தானாகவே அணைந்துவிடும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். ஒரு கொசு கூட மிஞ்சக் கூடாதென்றால் எந்தச் சாறாலும் எந்த எண்ணெயாலும் முடியாது. ஓர் அளவுக்குக் குறைத்தால் போதுமென்றால் துடைப்பமும் உதவும், வேப்பெண்ணெயும் உதவும், கவிழ்த்துவைத்த பீப்பாயும் உதவும். கோவிட் காலத்தில் தினமும் டிவியில் கேட்ட ஆர்-நாட் கணக்கின் தாத்தா இந்தச் சமன்பாடு.

அந்த ஆண்டே சர் பட்டம் வந்தது. 1926-ல் லண்டன் புட்னியில் அவர் பெயரில் ஆய்வு நிலையம் திறந்தார்கள். 1927 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து, தான் வேலை பார்த்த மருத்துவமனையின் வாசலில் தனக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் தானே திறந்துவைத்தார். ஆனால் கையில் காசு தங்கவில்லை. தன் கண்டுபிடிப்பால் உலகம் இவ்வளவு லாபம் பார்த்தும் அரசு தனக்கு எதுவும் தரவில்லை என்ற ஆதங்கம் கடைசிவரை இருந்தது; அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டும் இருந்தார். பழகுவதற்கு எளிய மனிதர் இல்லை என்று அவர் நண்பர்களே ஒப்புக்கொண்டார்கள்.

1928-ல் தன் கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள், ஆய்வுக் குறிப்புகள் எல்லாவற்றையும் விற்பனைக்கு வைத்தார். லேடி ஹூஸ்டன் என்ற பணக்காரப் பெண்மணி 2,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டார். 1931-ல் மனைவி ரோசா இறந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று, தன் பெயரில் இருந்த அந்த ஆய்வு நிலையத்திலேயே ராஸ் காலமானார். மனைவிக்குப் பக்கத்தில், புட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். விற்ற காகிதங்களில் பெரும் பகுதி இப்போது லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனில் இருக்கிறது.